மூன்றாம் பாகம் மலைமேல் இருந்தது

டாமரிஸ் ஹோல்ராய்ட் எந்தக் கடிதத்தையும் முதலில் உள்ளங்கையில் வைத்துத்தான் எடை பார்ப்பாள். தராசு பக்கத்திலேயே இருக்கும். இருந்தாலும் கடிதத்தைக் கையில் ஏந்தி, கண்ணைப் பாதி மூடி, "அரை அவுன்ஸும் ஒரு மூச்சும்" என்பாள். பிறகு தட்டில் வைத்தால் தராசும் அதையே சொல்லும். அரை அவுன்ஸைத் தாண்டினால் தபால் கட்டணம் இரட்டிப்பு. அதனால் ஜன்னலோரம் ஒரு கத்தரிக்கோலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஒட்டுவதற்கு முன்னால் வெற்று ஓரத்தை அங்கேயே நறுக்கி, அந்த ஒரு மூச்சைக் குறைத்துக்கொள்வார்கள். எங்கள் ரேவன்பெக்கிலிருந்து போன கடிதங்களில் பாதி ஓரம் இல்லாமல்தான் போயின.

யார்க்‌ஷயர் மலைச்சரிவில் இருக்கும் இந்த ஊரில் மளிகைக் கடையும் தபால் ஜன்னலும் ஒரே வாசலுக்குள் இருந்தன. கணவன் ஜோசையா இறந்த பிறகு, நகரத்துத் தபால் அதிகாரி டாமரிஸிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டு ஜன்னலை அவள் பொறுப்பில் விட்டார். கடிதத்தைத் திறக்க மாட்டேன், தாமதிக்க மாட்டேன், அதில் கண்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்பது சத்தியம். சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பதினொரு வருஷம் அப்படியே இருந்தாள். பிள்ளைகள் இல்லை. அந்த ஜன்னல்தான் அவளுக்கு ஊரில் ஒரு இடம் கொடுத்திருந்தது.

1853ஆம் வருஷக் குளிர்காலத்தில் அந்த இடம் ஆட்டம் கண்டது. காரணம் ஒரு நாவல்.

ரேவன்பெக்கில் தொழிலாளர் படிப்பகம் ஒன்று உண்டு. மரக்காலணி செய்யும் எலைஷா கிராப்ட்ரீதான் அதன் நூலகர். லண்டனில் நாவல்களை மூன்று பாகங்களாகக் கட்டி விற்பார்கள். படிப்பகத்துக்கு ஒரே ஒரு பிரதிதான் வாங்க முடியும். அதனால் சீட்டுக் குலுக்கல். எலைஷா மரச்சில்லுகளில் எல்லார் பேரையும் எழுதி, ஒரு பெரிய மரக்காலணிக்குள் போட்டுக் குலுக்குவார். ஒவ்வொரு பாகத்துக்கும் தனிச் சீட்டு. ஆகவே கல்யாணத்தைப் படித்தவன் காதலைப் படித்திருக்க மாட்டான். சாவைப் படித்தவள் நோயைப் படித்திருக்க மாட்டாள். விட்டுப்போனதைத் தண்ணீர்ப் பம்பு அடியில் ஒருவருக்கொருவர் சொல்லி நிரப்பிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் வந்தது, எட்வின் ஹார்ட்லி எழுதிய "ஹெதர்லீயின் வாரிசு".

ஹார்ட்லி ஒரு லண்டன் கனவான் என்று ஊரே நம்பியது. உண்மையில் ஹார்ட்லி நாலு பேர். பள்ளிக்கூட வீட்டு டென்பி குடும்பம்தான் அது. வாத்தியார் டென்பி இறந்தபின் அம்மா செலினா குழந்தைகளுக்கான தோத்திரப் பாட்டுகள் எழுதினாள். மகன் நெட் பாறைகளில் படரும் பாசியைப் பற்றிப் பத்திரிகைக் கட்டுரைகள். சின்னவள் ஃபீபி கவிதை. பெரியவள் லவீனியா நாவல். நால்வருக்கும் ஒரே புனைபெயர். ஞாயிற்றுக்கிழமை தேநீருக்குப் பிறகு ஒருவர் எழுதியதை மற்றவர்கள் கேட்பார்கள். பிடிக்காத வரி வந்தால் அம்மா பின்னல் ஊசியால் மேசையைத் தட்டுவாள். அந்த வரி போய்விடும். பாசியைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனிதருக்குப் பெண்கள் மனசு எப்படித் தெரிந்தது என்று ஒரு விமர்சகர் வியந்து எழுதினார். அந்தப் பத்திரிகையை டென்பி வீட்டில் பல நாள் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

பகலில் அந்த வீட்டில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நாவல் எழுதும் டீச்சரம்மாக்களிடம் பிள்ளையை அனுப்பும் ஊர் இல்லை இது. ஆகவே ரகசியம். அதை அறிந்த வெளியாள் ஒரே ஒருத்தி. "எட்வின் ஹார்ட்லி அவர்களுக்கு, திருமதி டென்பி பார்வை" என்று வந்த லண்டன் கட்டுகளை எல்லாம் மூன்று வருஷமாக எடுத்துக் கொடுத்தவள் டாமரிஸ். அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. டென்பிகளும் அவளுக்கு விஷயம் புரிந்திருக்கும் என்று நினைத்ததில்லை.

இரண்டாம் பாகம் நாலு வீடு சுற்றி முடிப்பதற்குள் கடையில் காற்று மாறிவிட்டது. ஒரு திங்கட்கிழமை டபிதா சக்டன் வந்து நின்றாள். பன்றி வளர்ப்பவள், நல்ல குரல் உள்ளவள். அவள் மகன் சைமன் தங்கம் தேடி ஆஸ்திரேலியா போயிருந்தான். ஏழு மாதமாகக் கடிதம் இல்லை.

"கால் பவுண்டு தேயிலை. டப்பாவோட அடியிலேருந்து குடு."

"அடியில தூள்தான் இருக்கும், டபிதா."

"தூள் மட்டும்தானான்னு பாக்கத்தான் கேக்கறேன்."

கடையில் நின்ற இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டாமரிஸ் டப்பாவை ஒரு காகிதத்தில் கவிழ்த்துக் காட்டினாள். தேயிலைதான் இருந்தது.

"இன்னொரு டப்பா இருக்கே?" என்றாள் டபிதா.

அன்று மதியம் எலைஷா தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டியபடி வந்தார். "டாமரிஸ், உன்னைப் புத்தகத்துல போட்டுட்டாங்க."

"என்னையா? என்னைப் போட்டு எந்தப் புத்தகம் விக்கும்?"

"சிரிக்காத. அதுல மிசஸ் கிரைஸ்னு ஒருத்தி. தபால் ஜன்னல் வெச்சிருக்கா. கடிதத்தைக் கையில வெச்சு, கண்ணை மூடி, அரை அவுன்ஸும் ஒரு மூச்சும்ங்கறா."

டாமரிஸின் கை நின்றது.

"ரெண்டாம் பாகம் கடைசிப் பக்கம். கப்பல்ல போன காதலன்கிட்டேருந்து கதாநாயகிக்குக் கடிதம் வருது. கிரைஸ் அதை எடுத்துத் தேயிலை டப்பாவுக்குள்ள போட்டு மூடிடறா. அந்தப் பொண்ணு காத்துக் காத்துப் பாத்துட்டு, ஒரு கெட்ட பண்ணையாருக்குச் சம்மதம் சொல்லிடறா. அதோட பாகம் முடியுது."

"கதைதானே?"

"கதைதான். ஆனா லண்டன்காரனுக்கு உன் பேச்சு எப்படித் தெரியும்னு கேக்கறாங்க. யாரோ புகார் எழுதித்தான் அவன் போட்டிருக்கான்ங்கறாங்க. டபிதா ஒரு மனு எழுதி வெச்சிருக்கா, உன்னை ஜன்னலைவிட்டு எடுக்கச் சொல்லி. முப்பத்தொரு பேரு கையெழுத்து. சனிக்கிழமை மூணு மணிக்குப் படிப்பகத்துல படிச்சுட்டு நகரத்துக்கு அனுப்பப் போறாங்க."

"மூணாம் பாகத்துல என்ன வருது?"

"யாருக்குத் தெரியும்? அது ரூபன் தேக்ரா சீட்டுல விழுந்துச்சு. மேலே பண்ணைக்கு எடுத்துட்டுப் போனவரு அஞ்சு வாரமா இறங்கல. பனி."

புதன்கிழமை லவீனியா டென்பி லண்டனுக்கு அனுப்ப ஒரு கடிதத்தோடு வந்தாள். டாமரிஸ் அதை வாங்கி நேராகத் தராசில் வைத்தாள்.

"இன்னிக்கு நீங்க கையில வெச்சுப் பாக்கலையே, மிசஸ் ஹோல்ராய்ட்?"

"பாத்தா அச்சுல வந்துடுது, மிஸ் லவீனியா."

லவீனியாவின் முகம் வெளுத்தது. கடையில் வேறு யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "எப்போலேருந்து தெரியும்?"

"முதல் கட்டு வந்த அன்னிக்கே. அதை உங்க கையில யாரு குடுத்தா?"

"அவ திருடி இல்லீங்க. நம்புங்க. மூணாம் பாகத்துல எல்லாம் சரியாயிடும்."

"எனக்கு இப்ப ரெண்டாம் பாகம்தான் நடக்குது."

"நான் நினைச்சே பாக்கல…"

"ரெண்டாவதுலயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிட்டா மூணாவதை யாரு எடுப்பா?" என்றாள் லவீனியா; சொன்ன உடனே காது வரை சிவந்தாள். "எங்க வீட்டுல ஆறு பிரதி இருக்கு. அம்மா கட்டிலுக்கு அடியில. இப்பவே ஓடிப் போய் எடுத்துட்டு வரேன்."

"வந்து? ஊர்ல ஒரே பிரதிதான்னு பச்சைப்புள்ளைக்குக்கூடத் தெரியும். இது எங்கேருந்து வந்துச்சுன்னு எலைஷா கேட்டா?"

"அப்போ சனிக்கிழமை நானே எழுந்து நின்னு சொல்லிடறேன். நான்தான் எழுதினேன்னு."

"உங்க பள்ளிக்கூடத்துக்குப் பதினாலு பொண்ணுங்க வருது. திங்கக்கிழமை எத்தனை வரும்?"

லவீனியா கத்தரிக்கோல் தொங்கிய நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "நீங்க ஏன் சொல்லல? என் பேரைச் சொல்லியிருந்தா கோவமெல்லாம் என் பக்கம் திரும்பியிருக்குமே."

"ஜன்னல் வழியா வந்ததை வெச்சு விளையாடறவன்னு என்னை எழுதிக் குடுக்கப் போறாங்க. நான் வாயைத் திறந்தா, அந்த மனு நிஜமாயிடும்." டாமரிஸ் கழுத்துச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நாளைக்கும் நாளன்னைக்கும் நான் மலைக்குப் போறேன். நீங்க கடையைப் பாத்துக்குங்க. ஜன்னலைப் பூட்டிட்டுத்தான் போவேன். மளிகை மட்டும்."

"நானா? எனக்குச் சோப்பு விலைகூடத் தெரியாது."

"மூணு மூணு பாகமா எழுதறீங்க. கத்துக்குங்க."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தபால் பை வந்தது. ஒன்பதரைக்குள் கடிதங்களைக் கொடுத்து முடித்து, ஜன்னலைப் பூட்டி, ஜோசையாவின் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு டாமரிஸ் ஏறினாள். பனி முழங்காலுக்கு இருந்தது. கல்வேலியின் உச்சி மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனாள். பண்ணை வாசலில் நின்றபோது மூச்சு வாங்கிப் பேச்சே வரவில்லை.

ரூபன் தேக்ரா கதவைத் திறந்தார். எழுபது வயசு. கம்பளிச் சட்டையில் பொத்தான்கள் துளை மாறி மாட்டியிருந்தன. இலையுதிர் காலத்தில்தான் அவர் மனைவி மெர்சி இறந்திருந்தாள்.

"எனக்குக் கடிதம் எழுத யாரும் இல்லையே, பொண்ணே. ஏன் ஏறி வந்தே?"

"புத்தகத்துக்கு வந்தேன், மிஸ்டர் தேக்ரா. மூணாம் பாகம்."

அவர் முகம் இறுகியது. "அது என் சீட்டு. படிச்சு முடிக்கல."

"எவ்வளவு படிச்சிருக்கீங்க?"

அவர் அடுப்பில் கட்டை வைத்தார். புத்தகம் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் இருந்தது. சின்ன நாற்காலி, மெத்தை தைத்தது, பெண்கள் உட்காருவது. மெர்சியின் மூக்குக் கண்ணாடி புத்தகத்தின்மேல் இருந்தது. புத்தகத்தின் தாள்கள் இன்னும் பிரிக்கப்படவில்லை. புதுப் புத்தகத்தின் தாள்களைக் கத்தியால் கிழித்துத்தான் படிக்க வேண்டும்; இதில் முதல் தாளில்கூடக் கத்தி படவில்லை.

டாமரிஸுக்குப் புரிந்தது. பன்னிரண்டு வருஷமாகச் சீட்டில் பேர் போட்டவர் ரூபன். படித்துச் சொன்னவள் மெர்சி.

"அவ போனப்புறம் முதல் தடவையா என் பேரு விழுந்துச்சு," என்றார் ரூபன், அடுப்பைப் பார்த்தபடியே. "எலைஷா நீட்டினாரு. வாங்கிட்டேன். எனக்கு எழுத்து தெரியாதுன்னு இத்தனை பேருக்கு நடுவுல எப்படிச் சொல்றது? கொண்டாந்து அவ இடத்துல வெச்சேன். அவ்வளவுதான்."

"கத்தி இருக்கா?" என்றாள் டாமரிஸ்.

அவர் வெண்ணெய்க் கத்தியைக் கொண்டுவந்தார். அவள் நாற்காலியை எடுக்காமல், பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "முக்கியமான இடத்தை மட்டும் பாக்கலாமா?"

"முதல்லேருந்து. மெர்சி ஒரு வரி தாண்ட மாட்டா."

வியாழன் வெளிச்சம் மங்கும் வரை படித்தாள், இறங்கினாள், வெள்ளிக்கிழமை மறுபடி பை, மறுபடி ஏற்றம். ரூபன் ஓட்ஸ் கஞ்சியும் பாலாடைக் கட்டியும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பொத்தான்களைச் சரியாக மாட்டியிருந்தார். சாப்பிடும்போது டாமரிஸ் மனு விஷயத்தை அவரிடம் சொன்னாள். பதினெட்டாம் அத்தியாயத்தில் தேயிலை டப்பாவின் விஷயம் வந்தது. கடிதம் காதலன் எழுதியதே இல்லை. பண்ணையார் அவன் கையெழுத்தைப் போலவே எழுதி, காதலன் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டதாகச் சொல்லியிருந்தான். கடல் கடந்து வந்திருக்க வேண்டிய கடிதத்தில் பக்கத்து ஊர் முத்திரை இருந்ததைக் கிரைஸ் பார்த்துவிட்டாள். அதனால்தான் ஒளித்தாள். துறைமுகம் வரை நடந்தே போய்க் காதலனைக் கூட்டி வந்தாள்.

டாமரிஸ் புத்தகத்தை மடியில் போட்டாள். "இது தப்பு."

"எது?"

"கடிதத்தைக் குடுத்திருக்கணும்."

"பொய்க் கடிதம், பொண்ணே!"

"பொய்யோ நிஜமோ, அது அந்தப் பொண்ணோடது. குடுத்துட்டு, முத்திரையைப் பாரும்மான்னு சொல்லியிருக்கலாமே. இவ யாரு டப்பாவுல போட? சத்தியம் பண்ணியிருக்காளே!"

ரூபன் அவளைப் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும் வரை சிரித்தார். "உன்மேல போய் மனு எழுதியிருக்காங்களா? நாளைக்கு நானும் இறங்கி வரேன். புத்தகத்தை நானே கொண்டாந்து குடுக்கறேன். ஒண்ணே ஒண்ணு. படிச்சது நீன்னு நானே சொல்லிக்கறேன். நீ சொல்லாத."

"ஜன்னல் வழியா வந்ததையும் சொல்றதில்ல, கதவு வழியா வந்ததையும் சொல்றதில்ல," என்றாள் டாமரிஸ்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் படிப்பகத்தில் நிற்க இடமில்லை. மனு மேசைமேல் இருந்தது. எலைஷா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பிக்கப் போனபோது, பின்னாலிருந்து ஒரு தடி தரையைத் தட்டியது.

"முதல்ல என் புத்தகத்தை வாங்கிக்கோ, எலைஷா. அஞ்சு வாரம் வெச்சிருந்தேன். ஏன்னா எனக்குப் படிக்கத் தெரியாது." ரூபன் தொப்பியைக் கழற்றினார். "மெர்சிதான் படிப்பா. இப்போ இந்தப் பொண்ணு ரெண்டு நாள் பனியில ஏறி வந்து படிச்சா. கேக்கறீங்களா?"

கேட்டார்கள். மெர்சி வாசித்ததையெல்லாம் பன்னிரண்டு வருஷமாக மனசில் வாங்கிப் பழகிய மனிதர் அவர். பண்ணையாரின் இளிப்பு, துறைமுகத்து மழை, கிரைஸின் கிழிந்த பூட்ஸ், ஒன்றும் விடவில்லை. மாதாகோவில் வாசலில் காதலன் வந்து நின்ற இடத்தில் கசாப்புக்காரர் "அப்படிப் போடு!" என்று கத்தினார். கடைசி வரிசையில் லவீனியா தன் கையுறையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் எலைஷா மனுவைக் காட்டிச் சொன்னார்: "ரெண்டு பாகத்தை நிஜம்னு நம்பிக் கையெழுத்துப் போட்டீங்க. இப்போ மூணாவதையும் நம்பித்தான் ஆகணும்."

சிரிப்பு எழுந்தது. டபிதா சக்டன் மட்டும் சிரிக்கவில்லை. "கதை முடிஞ்சுது. என் பையன் கடிதம் எங்க?"

சிரிப்பு அடங்கியது. டாமரிஸ் எழுந்தாள்.

"வரல, டபிதா. சைமன் மேல்விலாசத்துல சக்டன்னு எழுதறப்போ கடைசியில ஒரு வால் போடுவான் பாரு. பை வந்ததும் முதல்ல அந்த வாலைத்தான் தேடறேன். நீ ஒன்பது மணிக்கு வந்து ஏமாந்து போறே. நான் ஏழு மணிக்கே ஏமாந்துடறேன்."

டபிதா உட்கார்ந்தாள்.

முதலில் கசாப்புக்காரர் எழுந்து போய்த் தன் பேரைக் கோடு போட்டு அடித்தார். பிறகு வரிசையாகப் போனார்கள். கடைசியில் மனுவின் உச்சியில் ஒரே பேர் மிஞ்சியது: டபிதா சக்டன்.

"ஒத்தைப் பேரு இருந்தா அது மனு இல்ல, வெறும் கடிதம்," என்றார் எலைஷா. "அதையும் டாமரிஸ் ஜன்னல்லதான் போடணும்."

"என்கிட்டயே குடு," என்று டபிதா காகிதத்தை மடித்து மார்புச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியேறினாள்.

வாசலில் லவீனியா டாமரிஸின் கையைப் பிடித்தாள். "உங்ககிட்ட எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியல."

"ரெண்டு நாள்ல என் சோப்பைப் பாதி விலைக்கு வித்திருக்கீங்க. அதுக்குக் கேளுங்க முதல்ல." டாமரிஸ் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அடுத்த புத்தகத்துல அவ கடிதத்தைக் குடுக்கட்டும்."

"குடுத்துட்டா கதை எப்படி நகரும்?"

"அது உங்க பாடு, மிஸ் லவீனியா."

ஏப்ரல் இரண்டாம் வாரம், ஆட்டுக்குட்டிகள் போட ஆரம்பித்த சமயம், காலை ஏழு மணிப் பையில் அந்த வால் இருந்தது. டாமரிஸ் அதைக் கையில் ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்பது மணி வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக, பை வந்த உடனேயே கடையைப் பூட்டிவிட்டுச் சக்டன் வீட்டுப் பன்றிக் கொட்டில்வரை நடந்தாள்.

டபிதா கையிலிருந்த வாளியைக் கீழே வைக்கவில்லை. அதோடேயே கடிதத்தை வாங்கினாள். நின்றபடி படித்தாள். "காலு உடைஞ்சு படுத்திருந்தானாம், கழுதை. இப்போ நடக்கறானாம். காலுறை கேக்கறான்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பன்றிகளை உரக்கத் திட்டினாள்.

மறுநாள் காலை அவள் ஜன்னலுக்கு வந்தாள். கையில் பதில். டாமரிஸ் வாங்கிப் பார்த்தாள். எழுதியிருந்தது மனுவின் பின்பக்கத்தில்.

"பின்பக்கம் சும்மாதானே கிடந்துச்சு," என்றாள் டபிதா, எங்கேயோ பார்த்துக்கொண்டு. "முன்பக்கத்துல ஊர்ப் பேரு அத்தனையும் இருக்கு, அடிச்சிருந்தாலும் படிக்கலாம். எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்கன்னு அவனுக்கும் தெரியட்டும்."

டாமரிஸ் கடிதத்தை உள்ளங்கையில் வைத்தாள். பல வாரத்துக்குப் பிறகு கண்ணைப் பாதி மூடினாள்.

"அரை அவுன்ஸும் ஒரு மூச்சும்."

"தெரியும். அதான் மேலே ரெண்டு விரக்கடை எழுதாம விட்டிருக்கேன்." டபிதா தானே கத்தரிக்கோலை எடுத்தாள். காகிதத்தைத் திருப்பி, உச்சியில் தனியாக நின்ற தன் பேரை ஒரே சீராக நறுக்கி எடுத்தாள். அந்தத் துண்டை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

டாமரிஸ் மீதியைத் தராசில் வைத்தாள். சரியாக அரை அவுன்ஸ்.